மூட்டைக்கு நான் கொடுத்த குரல்

"அவன் அப்படிச் சொல்லலைங்க."

என் மனைவி ஆரோக்கியம் சமையலறை வாசலில் நின்று இதைச் சொன்னாள். கறி கழுவிய ஈரமும் மஞ்சளும் கையில் இருந்ததால், இரண்டு கைகளையும் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தாள்.

கூடத்தில் தெருப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில். ஜன்னலோரச் சுவரில் சாய்ந்தபடி அவளுடைய தம்பி பிலவேந்திரன்.

"அவன்" என்று அவள் சொன்னது தம்பியை அல்ல. டி.வி.க்குள் நின்ற, ஊதா நிற உடை போட்ட ஒரு குண்டு மனிதனை.

எங்களுக்குத் திருமணமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை மற்றவர்கள் முன்னால் அவள் என்னைத் திருத்தியதில்லை. திருத்தப்பட வேண்டிய ஆள் என்று நானும் என்னை நினைத்ததில்லை.

தார் பட்ட சட்டை

இந்தத் தொடரில் ஜபல்பூர் குளிரைப் பற்றி எழுதியபோது, திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக்கு இந்தி எப்படி வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதை அப்போது சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். சட்டையில் பட்ட தாரை அம்மா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். போகவில்லை. அந்தச் சட்டையை நான் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

சில வருஷங்களில் மத்திய அரசில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. ஜபல்பூரில் போட்டார்கள். இந்திப் பரீட்சைகள் எழுதினால் மேலே போகலாம் என்றார்கள். எழுதினேன். முதல் பரீட்சை வேலைக்காக, மற்றவையெல்லாம் ஆசையாக. தார் பூசியதையும் சரி, பரீட்சை எழுதியதையும் சரி, நான் முழு மனதோடுதான் செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஆவடிக்கு மாற்றல் வந்தது. திருநின்றவூரில் மனை மலிவாக இருந்ததால் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வீடு கட்டினேன். மழைக்காலத்தில் தவளைச் சத்தம், மற்ற காலத்தில் மின்சார ரயில் சத்தம். காலையில் அதே ரயிலில் ஆவடிக்குப் போய் மாலையில் திரும்புவேன்.

அந்தத் தெருவில் இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். ஆரோக்கியம் ஜபல்பூரில் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டிப் பேசுவாள் என்பது என் ஞாபகம். அந்த ஞாபகம் அங்கே நாங்கள் இருந்த முதல் மாதத்தோடு நின்றுபோயிருந்தது.

பூசை முடிந்த பிறகு

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதல் பூசைக்குப் போய்விடுவோம். இரண்டாம் பூசைக்குப் போனால் கார்ட்டூன் போய்விடும் என்று என் மகள் ஸ்டெல்லா எங்களைக் கிளப்பிவிடுவாள். அவளுக்கு அப்போது பத்து வயதுக்குள். சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் என் கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பாள்.

டெல்லி ஒளிபரப்பில் அந்த வெளிநாட்டுப் படத்தை இந்திக் குரல் கொடுத்துக் காட்டினார்கள். ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி. ஊரை அழிக்க வருகிறவர்களை வாரம் ஒருமுறை அடித்து விரட்டுவார்கள். பிள்ளைகள் அதை "அஞ்சு பேரு" என்றார்கள்.

மலிவாக வரைந்த படம். ஆட்கள் பெரும்பாலும் அசையாமல் நிற்பார்கள்; உதடு மட்டும் ஆடும். பேச்சு புரியாவிட்டால் கதையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கேட்டாள் என்று இரண்டு வசனத்தைத் தமிழில் சொன்னேன். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் செருப்புகள் வாசல்படி தாண்டித் தெருவில் கிடந்தன.

ஐந்து பேருக்கும் நான் தமிழ்ப் பெயர் வைத்தேன். தலைவனுக்குத் தளபதி. காற்றை ஏவுகிற பெண்ணுக்குச் சூறாவளி. இப்படி.

ஐந்தாவது ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

அவனுக்குப் பறக்க வராது. வேகம் கிடையாது. யாரையும் அடிக்க மாட்டான். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு மூச்சு வாங்க வந்து நிற்பான். எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பான். அவனுடைய சக்தி என்ன தெரியுமா? தன் எடையைக் கூட்டிக்கொள்வது. நினைத்தால் யாராலும் நகர்த்த முடியாத அளவுக்குக் கனமாகிவிடுவான். இது ஒரு சக்தியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தியில் அவனுக்கு மலை என்று பொருள்படும் பெயர். நான் மூட்டை என்று வைத்தேன்.

வாராவாரம் அவன் ஒரு வசனத்தைத் தவறாமல் பேசுவான். மற்ற நால்வரும் வானத்தில் ஏறும்போது அவர்களுடைய கயிற்றின் நுனி கீழே இவன் இடுப்பில் கட்டியிருக்கும். மேலே பார்த்து, "மை யஹீன் ஹூன்" என்பான். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். தார் பூசியவனுக்கும் புரிகிற இந்தி.

நான் அதைப் பிள்ளைகளுக்கு, "என்னால ஆவாதுபா, நீங்க போங்க" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கண்டிப்பான வீட்டில் வளர்ந்தவன். அலுவலகத்திலும் யாரும் என்னிடம் வேடிக்கை பேச மாட்டார்கள். அரட்டை அடிப்பவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு ஒரு கூடம் நிறையப் பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரமும் அது வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பிலவேந்திரன் வந்தது

ஆரோக்கியத்தின் பிறந்த வீடு குமணன்சாவடி. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு மிஞ்சியது இந்தத் தம்பிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, ஐப்பசி மழை பிடித்த ஒரு மாலையில் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு வாரம் மாமா. வேற எடம் கெட்ச்சதும் போய்கினே இருப்பேன்."

ஆள் ஓங்குதாங்காக இருப்பான். கதவில் குனிந்துதான் நுழைவான். கூடத்தில் படுத்தால் டி.வி. ஸ்டாண்டிலிருந்து கதவு வரை அவன்தான். அவன் சாப்பிடுவதைப் பார்க்க ஆரோக்கியத்துக்குச் சந்தோஷம். இரண்டாம் முறை சோறு போடும்போது தட்டை முன்னால் நகர்த்திக் கொடுப்பான். மூன்றாம் முறை வேண்டாம் என்பான், ஆனால் தட்டை நகர்த்துவான்.

பகலில் வேலை தேடி அம்பத்தூர், ஆவடி என்று அலைந்தான். இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. அவன் பேச்சும் எனக்குப் பிடிக்காது. கீது, இன்னாபா, வந்துகினு. ஆரோக்கியமும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் பேசுவாள். நான் திருத்தித் திருத்தி அவள் பேச்சை மாற்றியிருந்தேன். தம்பி வந்ததும் சமையலறையில் அந்தப் பேச்சு மறுபடி கேட்கத் தொடங்கியது. எனக்கு அது வீட்டுக்குள் சேறு வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. மழைக்காற்றில் மாடி ஆன்டெனாவின் குழாய் ஆடிக்கொண்டே இருக்கும்; படம் இரண்டு இரண்டாகத் தெரியும். கார்ட்டூன் தொடங்கும் முன்னால் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்க் குழாயைப் பிடித்துக்கொள்வான். காற்று அடங்கினால் கீழே வந்து ஜன்னலோரம் நின்று மிச்சத்தைப் பார்ப்பான்.

"தெர்தா?"

"ரெண்டு தளபதி தெரியறாங்க மாமா!" என்று ஸ்டெல்லா கத்துவாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மேடைல கண்ணாலம் பண்ணிடலாமா?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். அது எனக்கு உறுத்தும். என் கூட்டம் அது. மாடியிலிருந்து ஒருவன் சுலபமாக வாங்கிக்கொண்டு போகிறான்.

அந்த மாதங்களில்தான் மூட்டையின் பேச்சை மாற்றினேன். தளபதியும் மற்றவர்களும் பத்திரிகைத் தமிழ் பேசினார்கள். மூட்டைக்கு மட்டும் பிலவேந்திரனின் பேச்சைக் கொடுத்தேன். "இன்னாபா, சண்டைய அப்பால வச்சுக்கலாம், சோறு கீதா?" குரலையும் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டேன். டி.வி.யில் அவன் என்ன பேசினாலும் என் தமிழில் அவன் சோறு கேட்டான், தூங்கப் போனான், வர முடியாது என்றான்.

யாரைச் சொல்கிறேன் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர்ச் சொம்பு

முதலில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னது ஸ்டெல்லாதான். ஒரு மாலை, சாப்பிடும்போது, "மூட்டை மாமா, சொம்பை எடுங்க" என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை. தெருவில் சொல்லிச் சொல்லி வாயில் வந்துவிட்டது.

பிலவேந்திரன் சொம்பை எடுத்துக் கொடுத்தான். "இந்தாம்மா" என்றான்.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டெல்லாவைக் கண்டித்திருக்க வேண்டும். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான். வெளியே போய்விட்டு நாங்கள் முடித்த பிறகு வருவான். ஒருநாள் ஆரோக்கியம் என்னிடம் சொன்னாள்: "ஒரு தரம் போட்டதோட கையைக் கழுவிடறான். தட்டு மேல கையை வச்சுக்கறான்."

"நல்லதுதானே, உடம்பு குறையும்" என்றேன்.

இன்னொரு நாள், கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் குடும்பம் வரப்போவதால் அதற்குள் அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளிடம் சொன்னேன். நீயே சொல்லிவிடு என்றும் சொன்னேன். எங்கே போவான் என்று அவள் கேட்டாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். அவள் அவனிடம் அதைச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மழை விட்டிருந்தது. ஆன்டெனாக் குழாயைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததால் பிலவேந்திரன் தொடக்கம் முதலே கூடத்தில் இருந்தான். பிள்ளைகள் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரக் கதையில் தளபதி மூட்டையைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினான். உன்னால் எங்களுக்குத் தாமதமாகிறது, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றான். இதை நான் சரியாகவே தமிழில் சொன்னேன்.

மூட்டை பேசத் தொடங்கினான். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினான். நான் காத்திருந்து, கட்டைக் குரலில் சொன்னேன்:

"அண்ணாத்தே, தொரத்தாதபா. மூணு வேள சோறு இங்கதான் கீது. நா எங்க போவேன்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அப்போதுதான் ஆரோக்கியம் சமையலறையிலிருந்து வந்தாள். "அவன் அப்படிச் சொல்லலைங்க."

உனக்கென்ன தெரியும் என்று கேட்டேன். பரீட்சை எழுதியவன் கேட்கிற கேள்வி.

"ஜபல்பூர்ல ரேஷன் கடை க்யூல நின்னது யாரு? நீங்களா?"

பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு உங்களை மாதிரிப் பறக்க வராது. நீங்க மேல போனா கயித்துக்கு இந்த முனையில ஒருத்தன் நிக்கணும். இல்லன்னா நீங்க திரும்பி வர வழி கிடையாது. அந்த ஒருத்தன் நான். நான் இங்கதான் இருக்கேன். அவன் சொன்னது இதுதான். வாராவாரம் இதைத்தான் சொல்லிட்டிருக்கான்."

டி.வி.யில் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் ஒருவன், "அங்கிள், இப்ப என்ன சொல்றாங்க?" என்றான். நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மஞ்சள் கைகளை முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டு வசனம் நான் கற்றுக்கொடுத்த தமிழில் வந்தது. சண்டை சூடு பிடித்ததும் குமணன்சாவடி வந்துவிட்டது. மூட்டை மட்டுமல்ல, தளபதியே அப்படித்தான் பேசினான். "டேய், கயித்த உட்டுடாதடா!" என்று தளபதி மேலிருந்து கத்தினான். "உடமாட்டேன், நீ வந்து சேரு மொதல்ல" என்றான் மூட்டை. எதிரிகள் அணையை உடைத்துவிட்டதால் தண்ணீர் அவன் கழுத்து வரை ஏறியிருந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் ஆரோக்கியத்தின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

பிலவேந்திரன் எழுந்தான். "ஆன்டெனா ஆடுது போல. பாத்துட்டு வரேன்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

படம் தெளிவாகத்தான் இருந்தது.

ஜபல்பூரில் ஒரு வாக்கியம்

அன்று மத்தியானம் ஆரோக்கியம் என்னோடு சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

ஸ்டெல்லா பிறந்தபோது நான் தணிக்கைக்காக இட்டார்சி போயிருந்தேன். நாள் தள்ளியிருக்கிறது என்ற தைரியத்தில் போனேன். ஆரோக்கியத்துக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த அம்மாள் பகல் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது. மை யஹீன் ஹூன்.

"எனக்கு அதுதான் இந்தி" என்றாள் ஆரோக்கியம். "அதைப் போய் நீங்க என்னால ஆவாதுன்னு சொன்னீங்க."



மாடியில் நான்

அந்த வாரமே, நான் அலுவலகத்தில் இருந்தபோது பிலவேந்திரன் போய்விட்டான். சென்னீர்குப்பத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலை, அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் நிறுத்தியிருந்தான். போகட்டும் என்று நான்தான் நினைத்தேன். போய்விட்டான். கூடம் பெரிதாகிவிட்டது. எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

தை மாதக் காற்றில் ஆன்டெனாவின் கம்பிக்கட்டு அவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் முழுக்கப் புள்ளி. பிள்ளைகள் மாடிப்படியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் மேலே போனேன்.

குழாய் சில்லென்று இருந்தது. விட்டால் திரும்பிக்கொள்கிறது. பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். தெரிகிறதா என்று கேட்டேன். தெரியுதுப்பா என்று ஸ்டெல்லா கீழிருந்து சொன்னாள். கண்ணாலம் பண்ணலாமா என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மாடிப்படி வழியாக ஆரோக்கியத்தின் குரல் வந்தது. வசனத்தில் எதையும் அவள் சேர்க்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள். படம் கண்ணில் படாமல் பேச்சை மட்டும் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மற்ற நால்வரும் ஜெயித்ததைப் பற்றியும் ஜெயிக்கப்போவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவன்தான், எல்லாரும் வந்துட்டீங்களா என்று கேட்டான். இதை நான் மாதக்கணக்கில் இந்தியில் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட என் தமிழில் வரவில்லை.

கம்பியை இறுக்கிக் கட்ட ஆள் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. அந்தத் தொடர் முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் நின்றேன். தளபதி பேசும்போது ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூட்டையின் முறை வந்தால் படிப்பக்கம் காதைத் திருப்புவேன். அரைக் கிழவன் ஒரு கார்ட்டூன் ஆளுக்காகக் காத்து நின்றேன் என்று எழுத இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. உண்மை அதுதான்.

கடைசி வாரம் மூட்டைக்கு என்ன ஆனது என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டேன். கயிற்றை விடவில்லை.

நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம்

ஒரு சனிக்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னீர்குப்பம் போனேன். செய்த தப்பை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பெங்களூர் நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தில் அந்த ஷெட். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பிலவேந்திரன் அதன் பக்கவாட்டில் கையால் தட்டியபடி, "வர்ட்டும், வர்ட்டும்... உடு" என்று கத்திக்கொண்டிருந்தான். காக்கி அரைக்கால் சட்டை. இளைத்திருந்தான்.

சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க இடைவெளி கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடைவெளி கிடைத்தது. நான் கடக்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். போனதாக ஆரோக்கியத்திடமும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியும்.

பிலவேந்திரன் எங்களை விட்டுவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவான். பிறகு அவனுக்குத் திருமணமானது, பிள்ளைகள் வந்தார்கள், சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கினான். ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டது அவன்தான். எல்லோரையும், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்கோ" என்று வற்புறுத்தினான். ஆனால் எங்கள் வீட்டில் அவன் ஓர் இரவு தங்கியதில்லை. சாப்பிடுவான். ஒருமுறை போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டின் மேல் கையை வைத்துக்கொள்வான். எத்தனை வருஷமானாலும் அந்தக் கை மாறவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தேன்.

போன கிறிஸ்துமஸ்

ஆரோக்கியத்துக்கு இப்போது மூட்டுவலி. அதிக நேரம் நிற்க முடிவதில்லை. போன கிறிஸ்துமஸ் மத்தியானம் பிலவேந்திரன் தனியாக வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. அவள் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள், நான் பரிமாறினேன்.

அவன் பாதி சாப்பிட்டபோது சொன்னேன். முன்கூட்டி யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை.

"வேந்தா, அந்தக் காலத்துக் கார்ட்டூன்ல நான் அந்தக் குண்டன் பேசினதை மாத்தி மாத்திச் சொன்னேன். உன்னை மனசுல வச்சுத்தான் சொன்னேன். நீ இங்க இருக்கிறது எனக்குப் பிடிக்கலை. தப்பு பண்ணிட்டேன்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும் மாமா" என்றான்.

"அக்கா அன்னைக்குச் சொன்னப்புறமா?"

"அதுக்கு முன்னாடியே. அவன் வாயத் தொறந்தா மத்த நாலு பேரும் தலய குனிஞ்சிகினு நிப்பாங்கோ. சோறு கேக்குறவன் பேச்சுக்கு எவன் மாமா தலய குனிவான்?"

நான் இந்தி தெரிந்தவன். அந்த நான்கு தலைகளை நான் பார்க்கவே இல்லை.

"அப்புறம் ஏன்பா பேசாம இருந்தே?"

"பசங்கோ சிரிச்சுகினு இருந்துதுங்கோ." கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டான். "நீங்களும் சிரிச்சீங்கோ. நீங்க சிரிச்சு நா அப்பதான் பாத்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவன் குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. லாரிக்காரர்களைப் பற்றிப் பேசுகிற குரல்தான்.

தட்டு காலியானது. நான் சோற்றுக் கரண்டியை எடுத்தேன். சொல்லிவிட்டேன், இனி தட்டை நகர்த்துவான் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தவனைப் போல் நின்றேன்.

அவன் கை தட்டின் மேல் வந்தது.

"போதும் மாமா."

"ஒரே ஒரு கரண்டி."

"சக்கர மாமா. டாக்டரு சோத்த கம்மி பண்ணச் சொல்லிக்கீறாரு."

கையைக் கழுவி, அக்காவிடம் சொல்லிக்கொண்டு, வெயில் தாழும் முன்பே கிளம்பிவிட்டான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சமையலறைக்குப் போய் ஆரோக்கியத்திடம் கேட்டேன். நிஜமாகவே சர்க்கரையா, இல்லை இன்னமும் அதுதானா என்று.

அவள் முக்காலியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவன் சொன்னது சக்கரைங்க. அதுக்கு மேல நான் சேத்துச் சொல்ல மாட்டேன்."